கடைசியாக என்ன சொன்னான் என்று அம்மா கேட்கிறார்

மதிப்பிற்குரிய உளவளத்துணையாளர் அவர்களுக்கு,

எனக்கு வயது 32. கொழும்பில் பொறியியலாளராக வேலை செய்கிறேன். திருமணமாகி இரண்டு வருடம். மனைவிக்குக்கூடச் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மூன்றரை வருடம் நானும் அவனும் ஒரே அறை. கட்டுபெத்தைச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்பக்கம். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஃபான். நான் யாழ்ப்பாணம், அவன் கிளிநொச்சிப் பக்கம். 2009இல் அவனுக்குப் பதினாறு வயது. முள்ளிவாய்க்கால் வரை போய், அப்பாவை அங்கே இழந்து, தாயோடும் தங்கையோடும் செட்டிகுளம் முகாமுக்கு வந்தவன். முகாமில் இருந்துதான் ஓ.எல். எழுதினான். பிறகு ஏ.எல். கணிதத்தில் எடுபட்டு கம்பஸுக்கு வந்தான்.

2017 உங்களுக்கு நினைவிருக்கும். சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்தது. அதன்பிறகு கொழும்புப் பக்கம் குப்பை அள்ளுவதே குழம்பிப்போய், ஒழுங்கை ஒழுங்கையாகப் பைகள் கிடந்தன. மே மாதக் கடைசியில் வெள்ளம். யூன், யூலையில் எங்கே பார்த்தாலும் டெங்கு. எங்கள் பற்ச்சிலேயே ஆறேழு பேருக்கு வந்து சுகமாகியிருந்தது. அதனால் யூலையில் ஒரு திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியபோது நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை.

புதன்கிழமை இரத்தம் சோதித்தோம். பிளேட்லெட் 138,000 என்று வந்தது. ஒவ்வொரு நாளும் சோதிக்கச் சொன்னார் டொக்டர். வியாழக்கிழமை நாங்கள் போகவில்லை. முதல்நாள் இரண்டரை மணித்தியாலம் வரிசையில் நின்ற களைப்பு அவனுக்கு. வெள்ளி காலை எங்கள் குழுவின் இறுதியாண்டு புரொஜெக்ற் பிரசன்ரேஷன். “அதை முடிச்சிட்டு வா, பின்னேரம் போவம்” என்றான். நானும் சரி என்றேன்.

வெள்ளி விடிய அவனுக்குக் காய்ச்சல் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! “மச்சான், விட்டிட்டுது. நீ போட்டு வா. வரேக்க ரெண்டு செவ்விளநி வாங்கிக்கொண்டு வா” என்றான். பிரசன்ரேஷன் முடிய குழுவோடு சாப்பிடப் போனேன். மூன்று மணிக்கு மேல்தான் திரும்பினேன். ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகு இளநி நினைவு வந்து, மறுபடி சந்திக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், குளியலறைக் கதவோரம் நிலத்தில் இருந்தான். கையைப் பிடித்தேன், பனிக்கட்டி.

ஓட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான்: “சேர்மார் என்ன கேட்டவை? நல்லாச் செய்தியோ?” பயத்தில் நான் “கதைக்காதை மச்சான், பேசாமல் இரு” என்று கத்திவிட்டேன். பிறகு அவன் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கதவு மூடப்பட்டது. ஞாயிறு அதிகாலை போய்விட்டான். கிளிநொச்சியில் இருந்து இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த தாய்க்கு வழியில்தான் செய்தி போனது.

செத்தவீட்டில் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீதானே கூட இருந்தனி. கடைசியா என்ன சொன்னவன்?” என்று கேட்டார். என் வாயில் வந்தது: “அம்மாவைப் பாக்க வேணும் எண்டவன்.” பொய். அவர் அப்படியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வசனம் இன்றைக்கும் காதில் கேட்கிறது: “குண்டுக்குத் தப்பின பிள்ளையை நுளம்பிட்டைக் குடுத்திட்டன்.”

எட்டு வருடமாகிறது. முதல் ஆறு வருடமும் திவசத்துக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டு முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, குசினி வாசலில் வைத்து அதே கேள்வியைக் கேட்பார். நான் அதே பொய்யைச் சொல்வேன். கடைசி இரண்டு வருடமும் வேலை என்று சொல்லிப் போகவில்லை.

இப்போது ஊர்ச் சனசமூக நிலையத்தில் அவன் பெயரில் பிள்ளைகள் இருந்து படிக்க ஒரு அறை திறக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு சின்ன மலர் அடிக்கிறார்கள். ‘கம்பஸ் காலம்’ என்று நான்கு பக்கம் எழுதித் தரும்படி அம்மா ரெலிபோனில் கேட்டார். ஒரு மாதமாக முயற்சி செய்கிறேன். ‘சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரன், யாரையும் நோகடிக்காதவன்’ என்று தொடங்குகிறேன், நிறுத்துகிறேன். ஏனென்றால் அவன் என்னை நோகடித்திருக்கிறான். ஒருமுறை இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அதுவும் தண்ணீருக்காக. படுக்கப் போகுமுன் நாலு போத்தலில் தண்ணீர் நிரப்பித் தலைமாட்டில் வரிசையாக வைப்பான். குழாயில் 24 மணித்தியாலமும் தண்ணீர் வரும் வீடு அது. ஒருநாள் அவசரத்தில் நான் அதில் ஒன்றை எடுத்து முகம் கழுவிவிட்டேன். “தண்ணி எண்டா என்னெண்டு தெரியுமோடா உனக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனவன், இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு இரவு லைற்றை நிற்பாட்டிய பிறகு தானாகவே சொன்னான்: “பங்கருக்குள்ளை அம்மா ஒரு போத்தில் தண்ணியை நீட்டி, நாங்கள் குடிச்சிட்டம், நீ குடி எண்டவா. அவ குடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் குடிச்சனான்.” அதன் பிறகு அதைப் பற்றி அவன் கதைத்ததே இல்லை.

இதையெல்லாம் எழுத முடியுமா? நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா, அல்லது அந்தப் பொய்யோடு அவர் நிம்மதியாக இருக்கட்டுமா? வியாழக்கிழமை நான் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவன் இருந்திருப்பானா? எனக்கு இரவில் நித்திரை சரியில்லை. செவ்விளநி விற்கிற வண்டியைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரவு ஒருமுறையும் காலையில் இரண்டு முறையும் வாசித்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அதற்கு நேரான பதில் கிடைக்காமல் நான் சொல்லும் மற்ற எதுவும் உங்களுக்குள் இறங்காது.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரம் அல்ல. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்குகிற கட்டத்தில்தான் அது வருகிறது. அப்போது சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்கும். ஒன்று இரண்டு நாள் நீடிக்கும் இந்தக் கசிவு கடுமையானால் நாடி தளரும், கைகால் குளிரும், சிறுநீர் குறையும். ஆனால் ஆள் தெளிவாக இருப்பார், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வார். அனுபவம் குறைந்த மருத்துவர்களே இந்தத் தெளிவைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டி எச்சரிக்கிறது. வெள்ளி விடிய அவன் நெற்றி குளிர்ந்திருந்ததைத் தொட்டு நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். உலகத்தில் எந்தத் தாயும் அந்த நெற்றியைத் தொட்டு அப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பாள். நம் ஊரில் ‘காய்ச்சல் விட்டிட்டுது’ என்ற சொல்லுக்கு எத்தனை தலைமுறையாக ஒரே அர்த்தம்தான். ஓட்டோவில் அவன் பிரசன்ரேஷன் பற்றிக் கேட்டதும் அந்தத் தெளிவில்தான். உங்கள் கையில் இருந்த ஆளின் உடம்பு எவ்வளவு தூரம் போய்விட்டிருந்தது என்பதை அவனுடைய பேச்சு காட்டவில்லை.

இப்போது வியாழக்கிழமை. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக ‘அன்று போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது’ என்று நான் சொல்லமாட்டேன். அன்று இரத்தம் பார்த்திருந்தால் பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியிருப்பது தெரிந்து வாட்டில் விட்டிருக்கலாம். வாட்டில் விட்டிருந்தால் கசிவைக் கவனித்து அளவாக நீரேற்றிக் காப்பாற்றியிருக்கலாம். அளவோடு, நேரத்தோடு நீர் கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு தனி மருந்து இல்லை. அல்லது, 138,000 என்பது 110,000 ஆகியிருந்து, ‘நாளைக்கும் பாருங்கோ’ என்று அனுப்பியும் இருக்கலாம். அந்த வருடம் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. வாட்டுகளில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நேரத்தோடு போனவர்களும் இருந்தார்கள். ஆகவே என் பதில்: ஒரு வாய்ப்புத் தவறியது உண்மை. அது உங்கள் ஒருவருடைய தவறு என்பது உண்மையல்ல. வரிசையில் நின்று களைத்த ஒருவனும் மறுநாள் பரீட்சைப் பயத்தில் இருந்த ஒருவனும், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், சேர்ந்து எடுத்த முடிவு அது. ‘பின்னேரம் போவம்’ என்றவன் அவன். எட்டு வருடமாக நீங்கள் அவனுடைய பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள். அவனுக்கென்று ஒரு சொல் இருந்தது, அதை அவனிடம் இருந்து பறிக்க வேண்டாம்.

நடந்தது தெரிந்த பிறகு, ‘அது எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டுமே’ என்று மனம் கதையைத் திருப்பி எழுதும். பாரூக் ஃபிஷ்ஹோஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே இதைப் பரிசோதித்துக் காட்டினார். முடிவைத் தெரிந்துகொண்டவர்கள், அந்த முடிவு ஆரம்பத்திலேயே தெளிவாகத் தெரிந்தது போல நினைத்தார்கள். உங்கள் கடிதத்தில் அந்த வெள்ளிக்கிழமையின் ஒவ்வொரு நிமிடமும் இருக்கிறது. மறுபடி சந்திக்குப் போனது, இளநி வாங்கியது, திரும்பி வந்தது எல்லாம். சாதாரணமான ஒரு வெள்ளிக்கிழமையை யாரும் இப்படி நினைவில் வைத்திருப்பதில்லை. அன்று காலை அது சாதாரண வெள்ளிக்கிழமையாகத்தான் இருந்தது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அவன் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? கடிதத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. செத்தவீட்டில் இருந்து நேராக எட்டு வருடத்துக்குப் பாய்ந்துவிட்டீர்கள். நானாக ஊகிக்கிறேன்: உடல் ஏ9 வீதியால் போனது, நீங்களும் போனீர்கள், காடாத்து முடிந்ததும் மற்ற நண்பர்களோடு திரும்பி வந்து அதே அறையில் அந்த இரண்டாவது கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்து, மிச்சப் பரீட்சையை எழுதினீர்கள். தாய்க்குத் துடக்கு இருந்தது. தங்கைக்கு இருந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுக்குக்கூட இருந்திருக்கும். 31 நாள் அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை, ஊர் அவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கதைத்தது, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் வந்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டது. மூன்றரை வருடம் ஒரே ஃபானின் கீழ் படுத்தவனுக்கு எங்கள் முறையில் ஒரு நாள் துடக்கும் இல்லை. கென்னத் டோக்கா என்ற துயர ஆய்வாளர் 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘உரிமை மறுக்கப்பட்ட துயரம்’ என்று சொல்லலாம். துயரம் முழுதாக இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொள்ள உனக்கு இடமில்லை என்று சுற்றம் சொல்லிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நண்பன்தானே’ என்ற ஒரு பார்வை போதும்.

இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. 2009இலும் அதற்கடுத்த வருடங்களிலும் செட்டிகுளம், வவுனியாப் பக்கம் நான் வேலை செய்தேன். பிள்ளையை இழந்த தாய்மார் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நண்பனோ நண்பியோ நிற்பார்கள். தாயின் பையைப் பிடித்துக்கொண்டு, படிவத்தை நிரப்பிக் கொடுத்துக்கொண்டு. ‘நீங்கள் யார்?’ என்று கேட்டால் ‘சும்மா, தெரிஞ்சவை’ என்பார்கள். அந்தச் ‘சும்மா தெரிஞ்சவை’யை உட்கார வைத்துக் கதைக்க நான் அப்போது நேரம் எடுக்கவில்லை. இன்றுவரை அது எனக்குக் குறைதான்.

மனதில் இடம் கிடைக்காத துயரம் குற்றவுணர்வாக உருமாறிக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழுவதற்கு உரிமை இல்லாதவனுக்குத் தன்னைத் தண்டிப்பதற்காவது உரிமை இருக்கிறது அல்லவா? நீங்கள் தெருவின் மறுபக்கத்துக்கு மாறுவது அந்த வகை. உங்கள் துடக்கை எட்டு வருடமாக நீங்களே தனியாகக் காத்துவருகிறீர்கள், அதைக் கழிக்க ஒருவரும் வரவில்லை.

இப்போது அந்த அம்மாவுக்கு வருவோம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் பொய் அவருக்கு நிம்மதி தந்திருந்தால், அவர் ஒருமுறை கேட்டிருப்பார். மிஞ்சினால் இருமுறை. ஆறு வருடமாக, சாப்பாடு முடிந்து, ஆட்கள் போன பிறகு, குசினி வாசலில் வைத்து, அதே கேள்வி. நீங்கள் சொன்னதில் அவருக்குப் போதாத ஏதோ இருக்கிறது. ‘அம்மாவைப் பாக்க வேணும்’ என்பது எந்தத் தாயின் எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கக்கூடியது. அவருடைய பிள்ளை, கணிதத்தில் எடுபட்டவன், தண்ணீருக்காக இரண்டு கிழமை கோபம் பிடிக்கிறவன், அதில் இல்லை. அதோடு அந்தப் பொய்க்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. பிள்ளை என்னைப் பார்க்க ஆசைப்பட்டான், நான் பஸ்ஸில் இருந்தேன், போய்ச் சேரவில்லை. நீங்கள் ஆறுதலுக்குச் சொன்ன சொல்லே ஒவ்வொரு திவசத்திலும் அவரைக் குத்தியிருக்கலாம். இதை உங்களைக் குற்றம்சாட்டச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு தாய் கேட்கும்போது, அதைவிட நல்ல சொல் யாருக்கும் வந்திருக்காது.

ஆகவே சொல்லுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் ‘நான் பொய் சொல்லிவிட்டேன், என்னை மன்னியுங்கள்’ என்று தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் அவர் எழுந்து உங்களைத் தேற்ற வேண்டி வரும். உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்ததாகிவிடும். முதலில் அவனைக் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள்.

அதற்கு வேண்டியதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. ஒரு மாதமாக எழுத முடியவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதே கடிதத்தில் அந்த நான்கு பக்கத்தில் பாதியை எழுதிவிட்டீர்கள். ‘சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரன்’ என்று தொடங்கி நீங்கள் நின்றுவிட்டது எனக்கு மகிழ்ச்சி. எங்கள் கல்வெட்டுகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். அந்தியேட்டிக்கு அவசரத்தில் அச்சாகும் அந்தப் புத்தகங்களில் தேவாரமும் திருவாசகமும் இருக்கும், அவை இருக்க வேண்டும்தான். பிறகு இறந்தவரைப் பற்றிய வெண்பா இருக்கும். பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். வயதானவர் போனால் அது பரவாயில்லை, அவரை நினைவில் வைத்திருக்கப் பேரப்பிள்ளைகள் உண்டு. இருபத்து நான்கு வயதில் போனவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வேலைத்தலத்தில் கூட இருந்தவர்கள் இல்லை. அவன் வளர்ந்த ஆணாக வாழ்ந்ததெல்லாம் அந்தப் பின்பக்கத்து அறையில்தான். தாய்க்குத் தெரிந்தது பத்தொன்பது, இருபது வயது வரையான மகன், பிறகு விடுமுறைக்கு வந்துபோன விருந்தாளி. மிச்ச மூன்றரை வருடத்துக்கு உலகத்தில் ஒரே சாட்சி நீங்கள். அந்த அறைக்குப் படிக்க வரப்போகும் பிள்ளைகளுக்கும் சிரித்த முகம் எதற்கு? எந்தப் பாடத்தில் அவன் கஷ்டப்பட்டான், ஆங்கிலத்தில் விரிவுரை விளங்காமல் முதல் வருடம் என்ன செய்தான், யாரிடம் கடன் வாங்கினான், எதற்குக் கோபப்பட்டான் என்பது கிடைத்தால் அவர்களுக்கு ஒரு அண்ணன் கிடைப்பான்.

அவன் கடைசியாகக் கேட்டதை நீங்கள் கடிதத்தில் ஏதோ குற்றப்பத்திரிகை வாசிப்பது போல எழுதியிருக்கிறீர்கள். நான் வாசிக்கும்போது அது எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. “சேர்மார் என்ன கேட்டவை? நல்லாச் செய்தியோ?” கைகால் குளிர்ந்துபோய் ஓட்டோவில் சாய்ந்திருக்கிறவன், தான் இல்லாமல் நடந்த பிரசன்ரேஷன் உனக்கு நல்லாய்ப் போனதா என்று கேட்கிறான். அவனுக்கு அந்த நேரம் பயம் இருக்கவில்லை. பக்கத்தில் நண்பன் இருந்தான், நாளைய வேலை இருந்தது. பிள்ளை தனியாக, பயந்து போனானா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்விக்கு அடியில் இருக்கும் கேள்வி என்று நான் நினைக்கிறேன். அதற்குரிய பதில் உண்மையில் இருக்கிறது, பொய்யில் இல்லை.

‘கதைக்காதை’ என்று கத்தியதைப் பற்றி: அவனிடம் இருக்கிற தெம்பையெல்லாம் ஆஸ்பத்திரி வரை சேமிக்க நீங்கள் சொன்ன சொல் அது. மூன்றரை வருடம் உங்கள் குரலைக் கேட்டவனுக்கு, அது கோபமா பயமா என்று தெரியாமல் இருந்திருக்குமா? ஆனாலும் அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லுங்கள். ஒரு கொப்பியை எடுத்து அவன் பெயரைப் போட்டு, அன்று சேர்மார் என்ன கேட்டார்கள், யார் தடுமாறினார்கள், அவனுடைய பகுதியை யார் சொன்னார்கள், என்ன புள்ளி வந்தது என்று எழுதுங்கள். இது விளையாட்டல்ல. இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் துயரம் ஆறும் என்று உளவியல் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அந்த எண்ணம் மாறியிருக்கிறது, உறவு வேறு வடிவில் தொடரலாம் என்பதை இப்போது பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். திவசத்துக்குப் பிடித்த கறி சமைத்துப் படைக்கும் எங்கள் ஆட்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல.

முதலில் உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையே வாசிக்கக் கொடுத்தாலும் சரி. செவ்விளநி வண்டியைக் கண்டதும் நீங்கள் ஏன் கையை விட்டுவிட்டுத் தெருவைக் கடக்கிறீர்கள் என்று அவர் இரண்டு வருடமாக யோசித்திருப்பார். நித்திரை இன்னும் சில கிழமைகளில் சீராகாவிட்டால், அல்லது வாழ்க்கை வெறுத்துப்போகிற எண்ணம் எட்டிப் பார்த்தால், காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் கதைக்கலாம். நீடித்த துயரத்தை 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன நோய்ப் பட்டியல் ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. உதவி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பிறகு கிளிநொச்சிக்குப் போங்கள். திவசத்தன்று வேண்டாம், அன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அவர் அடுப்படியிலேயே நிற்பார். மலருக்கு எழுதியதைக் கொடுக்கும் சாட்டில் ஒரு சாதாரண நாளில் போங்கள். அஞ்சலில் அனுப்ப வேண்டாம். குசினி வாசலில் இருந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எழுத்தில் எது இருந்தாலும், தலைமாட்டில் இருந்த நாலு போத்தலும் இருக்கட்டும். வாசித்து அந்த இடத்துக்கு வரும்போது அவர் உங்களை நிறுத்தி, “ஏன் தம்பி நாலு போத்தில்?” என்று கேட்பார். அநேகமாகக் கேட்பார்.

அந்த இரவு லைற்றை நிற்பாட்டிய பிறகு அவன் சொன்னதை அப்போது சொல்லுங்கள். அதை மலரில் எழுத வேண்டாம், அது அவர்கள் இரண்டு பேருக்கும் உரியது, நீங்கள் காவிக்கொண்டு வந்தவர் மட்டும்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாவும் ஒரு பொய் சொன்னார், ‘நாங்கள் குடிச்சிட்டம்’ என்று. அது பிள்ளைக்குத் தெரியும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் அழுவார். எழுந்து வளவுக்குள் போனாலும் போவார். பின்னால் போகாதீர்கள், இருந்த இடத்திலேயே இருங்கள். அவர் திரும்பி வந்த பிறகு, ஓட்டோவில் அவன் கேட்ட கேள்வியையும், செத்தவீட்டில் நீங்கள் சொன்னது ஏன் என்பதையும் சொல்லலாம். அந்த நேரம் அது உங்கள் வாயில் தானாக வரும் என்று நினைக்கிறேன். அவர் கோபித்தால் கோபிக்கட்டும், அந்த உரிமை அவருக்கு உண்டு. தேத்தண்ணி தந்தால் குடியுங்கள்.

அன்றிரவே திரும்பி வர பஸ்ஸுக்குப் பதியாதீர்கள். அங்கே படுத்து எழும்பி, விடிய வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்